அக்காவின் கல்யாண கேசட்

அக்காள் மகன் போன் செய்தபோது நான் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தேன். பனியனைத் திருப்பித் திருப்பி ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அவன் எனக்கு அடிக்கடி பேசுகிறவன் இல்லை. வெள்ளகோவிலில் ஒரு விசைத்தறிக் கம்பெனியில் இருக்கிறான். தீபாவளிக்கு ஒரு வார்த்தை, பொங்கலுக்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

"சின்னம்மா, அம்மாவோட கல்யாண வீடியோ கேசட்டு உங்ககிட்ட இருக்குதுன்னு சொன்னாங்க. நெசமுங்களா?"

"இருக்குது கண்ணு."

"அம்மா பேசறத ஒருக்கா கேக்கோணுமுங்க."

கையில் இருந்த பனியனை அப்படியே வைத்துவிட்டேன். அக்கா செத்தபோது அவனுக்கு ஒன்றரை வயது. மூன்று போட்டோக்களைப் பார்த்து வளர்ந்தவன். போட்டோவில் குரல் கிடையாது என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்டவ் வெடித்துச் செத்துப்போனாள் என்று அவள் புகுந்த வீட்டில் சொன்னார்கள். சந்தேகம் எதுவும் இல்லை என்று எங்கள் அப்பாவும் போலீசில் எழுதிக் கொடுத்தார். குழந்தையை அவர்களே வைத்துக்கொண்டார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஊத்துக்குளி வீட்டைக் காலி செய்யும்போது அந்தக் கேசட்டை எடுத்துவந்து என் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. பார்க்க வீடியோ டெக்கும் இல்லை, தைரியமும் இல்லை.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டிவி ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் இருக்கிறார். அவர் கடைப் பரணில் ஒரு டெக் கிடந்தது. கேசட்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், "பூஞ்சை பிடிச்சிருக்கும்மா. இப்படியே போட்டா டேப்பு அறுந்துரும்" என்றார். நான்கு நாள் கேட்டார். ஸ்குரூவைக் கழற்றி, டேப்பை முழம் முழமாக இழுத்துத் துடைத்திருக்கிறார். டேப்பைப் படிக்கிற டெக்கின் ஹெட்டையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து ஓடவைத்துவிட்டார்.

"உங்க டிவியில மஞ்சள், வெள்ளை ஓட்டை இருக்கா?"

இல்லை. புது டிவி. பக்கவாட்டில் தட்டையாக ரெண்டு ஹெச்டிஎம்ஐ ஓட்டை மட்டும்தான். டெக்கோடு தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்பு டப்பாவையும் கொடுத்தார்.

"டெக்குலேருந்து வர்றத இது டிவிக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கும். மஞ்சள் வயர் படம். வெள்ளை வயர் சத்தம். டெக்குக்குப் பின்னாடி 'அவுட்'னு எழுதியிருக்கிற பக்கம்தான் சொருகணும். 'இன்' பக்கம் சொருகிட்டு, பாய் ஏமாத்திட்டாருன்னு சொல்லக்கூடாது." சிரித்தார். என்ன கேசட் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் லேப்டாப்போடு வந்தான். ஆள் நல்ல உயரம். நெற்றி அப்படியே அக்கா. காபிகூடக் குடிக்காமல் தரையில் உட்கார்ந்து வயர்களைப் பிரித்தான். டப்பாவுக்குக் கரண்டு வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. டிவி நீலமாகவே நின்றது. பிறகு அவனே கண்டுபிடித்து, செல்போன் சார்ஜரை அதில் மாட்டினான். கேசட்டை உள்ளே தள்ளினான். டெக் அதை விழுங்கிக்கொண்டு கடகடவென்று சுற்றியது.

முதலில் கோடு கோடாக வந்தது. அப்புறம் மண்டபத்து வாசல், வாழைமரம். அப்பா வெள்ளை வேட்டியில் யாரையோ கும்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு அக்கா வந்தாள். இருபத்திரண்டு வயது. கேமராக்காரரின் விளக்கு கூசி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள்.

சத்தம் வரவில்லை. வெள்ளை வயரைப் பிடுங்கி மறுபடி அழுத்தினான். கரகரவென்று நாதஸ்வரம் வந்தது. அது முடிந்ததும் ஒரு சினிமாப் பாட்டு. அது முடிந்ததும் இன்னொரு பாட்டு. படத்தில் எல்லோரும் வாயசைத்தார்கள், சிரித்தார்கள், யாரையோ கூப்பிட்டார்கள். ஒருவர் குரலும் கேட்கவில்லை.

"வயரை மாத்திப் பாக்கலாமுங்க சின்னம்மா. எங்கியோ லூசா இருக்குது."

மாற்றினான். மஞ்சளை வெள்ளையில், வெள்ளையை மஞ்சளில். படம் போயிற்று. திரும்பவும் சரியாகச் சொருகினான். பாட்டுத்தான் வந்தது. நான் பாய்க்குப் போன் போட்டு, அது கல்யாண கேசட் என்றும் பாட்டு மட்டும்தான் வருகிறது என்றும் சொன்னேன். ஸ்பீக்கரில் அவர் நிதானமாகச் சொன்னார்: "வயர்ல கோளாறு இல்லம்மா. கல்யாண கேசட்ல பேச்சே இருக்காது. மிக்ஸிங் பண்ணும்போது அதை அழிச்சுட்டுப் பாட்டைப் போட்டுருவாங்க. அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தான்."

"எடுத்தவங்ககிட்ட ஒரிஜினல் இருக்காதுங்களா?" என்று அவன் கேட்டான்.

"அது மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்திருப்பாங்க தம்பி."

போனை வைத்தேன். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. மணப்பெண் அறை வந்தது. அதில் நானும் இருந்தேன், பதினேழு வயதில், கையில் பூக்கூடையோடு. அக்கா என் பக்கம் திரும்பி, கேமரா இருப்பதை மறந்து, ஏதோ சொன்னாள். அவன் சட்டென்று டெக்கில் பட்டனை அழுத்தி நிறுத்தினான். பின்னால் ஓட்டினான். மறுபடி போட்டான்.

"என்னங்க சொல்லுது அம்மா?"

எனக்குத் தெரியும். மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு நாளைக்கு நீயும் எங்கூட வந்து இருடி. எனக்குப் பயமா இருக்குது" என்றாள். பரீட்சை இருக்கிறது என்று நான் மறுத்தேன்.

"தலையில பூவு கனமா இருக்குதுன்னு சொன்னா கண்ணு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பூவு கனமா இருக்குது" என்று உதடசைவுக்கு ஏற்ற மாதிரி ஒரு முறை சொல்லிப் பார்த்தான். இன்னொரு முறை சொன்னான். நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

சாப்பிட்ட பிறகு டப்பாவைக் கழற்றிவிட்டு, டெக்கை லேப்டாப்பில் மாட்டினான். அதற்கென்று வேறொரு வயர் வாங்கி வந்திருந்தான். கேசட் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரமும் ஓடித்தான் பதிவாகும் என்றான். எங்களுக்குச் செய்ய வேறு வேலை இல்லை. அதே கல்யாணம் சின்னத் திரையில் முதலிலிருந்து நடந்தது. மணப்பெண் அறை வந்தபோது அவன் உதடு மறுபடி அசைந்தது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"கண்ணு, நான் பொய் சொல்லிட்டேன்."

சொன்னேன். அன்று அக்கா சொன்னதைச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ரெண்டு தடவை ஊத்துக்குளிக்கு வந்ததைச் சொன்னேன். முதல் தடவை தனியாக வந்தாள். ரெண்டாம் தடவை அவனைத் தூக்கிக்கொண்டு, முதுகில் கன்றிப்போன தழும்போடு வந்தாள். "பொறந்த ஊட்டுல வந்து உக்காந்துட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க" என்று அப்பா சத்தம் போட்டதையும், அம்மா வாயைத் திறக்காமல் இருந்ததையும் சொன்னேன். மூன்றாம் நாள் அவளைக் கொண்டுபோய் விட்டது நான். அவள் போகமாட்டேன் என்றபோது, "கொழந்தைக்காகப் பொறுத்துக்கோ அக்கா" என்று சொன்னதும் நான்தான். எட்டாம் நாள் தகவல் வந்தது.

அவன் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் அவன் அப்பா தாலி கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பனுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருசம் ஆச்சுங்க" என்றான். "பேச்சு இல்லீங்க. மூணு வேளையும் நாந்தான் ஊட்டி உடறேன்."



"அப்பன்கிட்டக் கேட்டாலும் பதில் சொல்ல முடியாதுங்க" என்றான். "நேரமாச்சுங்க, பொழுதோட போய்ச் சோறு குடுக்கோணும்" என்று எழுந்தான். பதிவு முடிய இன்னும் பாக்கி இருந்தது. அப்படியே நிறுத்திவிட்டு லேப்டாப்பை மூடினான். வாசல் வரை போனேன். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறப் போனான்.

ஒரு மாதம் போன் இல்லை. இனி வராது என்று இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். நலம் விசாரிக்கவில்லை. "ரெண்டாந்தடவை வந்தப்ப அம்மா என்ன சேலை கட்டியிருந்துச்சுங்க?" என்று கேட்டான். பச்சையில் மஞ்சள் பார்டர் என்றேன். "சரிங்க" என்று வைத்துவிட்டான். அடுத்த ஞாயிறு வேறொரு கேள்வி. இப்போது வாராவாரம் கூப்பிடுகிறான். ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறான். நான் ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறேன். அவன் அப்பாவைப் பற்றி நானும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.

போன வாரம் கேட்டான்: "கொண்டுபோய் உட்ட அன்னைக்கு, பஸ்ஸுல அம்மா ஏதாச்சும் பேசுச்சுங்களா?"

"காங்கேயம் வரைக்கும் ஒண்ணும் பேசல கண்ணு. சன்னல் பக்கமே பாத்துட்டு இருந்தா. காங்கேயத்துல பஸ் நின்னப்ப, கொழந்தையக் கொஞ்ச நேரம் நீ வெச்சுக்கோன்னு எங்கிட்டக் குடுத்தா."

"அழுதனுங்களா நானு?"

"இல்ல கண்ணு. எம் மடியிலயே தூங்கிட்டே."

அந்தப் பக்கம் யாரோ முனகுவது கேட்டது. கட்டிலில் கிடக்கிறவர்தான். "இருங்க சின்னம்மா, அப்பன் கூப்பிடறாப்ல இருக்குது" என்றான். போனை வைக்காமலே எழுந்து போனான். நான் காதில் வைத்தபடி நின்றேன். டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. "மெதுவாக் குடிங்க" என்று அவன் சொல்வது கேட்டது.