இரவல் மூக்கு

எட்டு வயதில் எனக்கு என் மூக்கைப் பற்றி ஏக கர்வம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சமையல் சில மாதங்கள் அதை நம்பித்தான் நடந்தது. பெரியம்மாவுக்கு அது தெரியாது.

கல்யாணமாகி வந்த வருஷமே சித்தி காவேரிப் படித்துறையில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டுக்கொண்டாள். காயம் ஆறிவிட்டது, வாசனை மட்டும் திரும்பவில்லை. மூக்கில் கோளாறே இல்லை, மூளையில் வாசனையை அறிகிற இடத்தில்தான் அடி, அதற்கு மருந்து கிடையாது என்று திருச்சி டாக்டர் கையை விரித்துவிட்டாராம். சித்தப்பாவும் சித்தியும் வீட்டில் மூச்சுவிடவில்லை.

பெருமாளுக்குக் காட்டும் முன் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. பருப்பு வெந்ததா, புளி பச்சை வாசனை போயிற்றா என்பதையெல்லாம் மூக்குதான் சொல்ல வேண்டும். முகர்ந்து பார்ப்பதும் அபசாரம்தான். ஆனால் தானாக வரும் வாசனையை யார் தடுக்க முடியும்? சித்திக்கு அதுவும் வரவில்லை. தெரிந்தால் சமையலுக்கு லாயக்கில்லை என்று பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அவளுக்கு உயிர் போகிற பயம்.

என்னிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி என் மூக்கை இரவல் கேட்டாள். "வெளியே சொல்லிடாதேடி, என் கண்ணில்லையோ!" என்பாள். நான் சமையலறை வாசற்படிக்கு வெளியே நிற்பேன். புளியின் பச்சை வாசனை போனதும் அடையாளமாகத் தலையைச் சொறிவேன்.

ஆடிப் புதுவெள்ளத்தில் கூத்தடித்து எனக்கு ஜலதோஷம் பிடித்தது. அதைச் சொன்னால் பதவி போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை. அன்று பார்த்து அக்காரவடிசல் அடிப்பிடித்தது. பெரியம்மா கொல்லையிலிருந்து ஓடி வந்தாள்.

"மூணாம் ஆத்து வாசல் வரைக்கும் தீஞ்ச நாத்தம் அடிக்கறது! உனக்குத் தெரியலையா?"

ஏழு மாதக் கர்ப்பிணி சித்தி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பெரியம்மா அவளைக் கட்டிக்கொண்டாள்.

"பைத்தியம், இதைச் சொல்ல இத்தனை நாளா? இனிமே அடுப்பை நான் பாத்துக்கறேன். நீ காய் நறுக்கு, போறும்."

அத்தோடு சித்தியின் கஷ்டம் தீர்ந்தது என்றே நினைத்தேன். வேலை போன வருத்தம் எனக்குத்தான்.

பிரசவத்துக்குப் போன சித்தி மூன்று மாதக் குழந்தையோடு திரும்பி வந்தாள். ஒரு மத்தியானம் கூடத்தில் அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் மோந்து பாரேன். எப்படிடி இருக்கு?"

பழைய உத்தியோக தோரணையில் முகர்ந்தேன். "பால் வாடை, சித்தி."

"அவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் சொல்லேன்."

"அவ்வளவுதான்." வாசலில் பாண்டி விளையாடத் தோழிகள் காத்திருந்தார்கள். ஓடிவிட்டேன்.

மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும். குழந்தை கக்கியிருக்கிறதா, துடைக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறாளாக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "எத்தனை தரம் சித்தி? அதேதான்!" என்று கத்தினேன். அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

என் முதல் பெண் பிறந்து, அவள் தலையில் மூக்கை வைத்த அன்றுதான் சித்தி என்ன கேட்டாள் என்று எனக்குப் புரிந்தது. பாவி நான், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொல்லியிருக்கலாம்.