பொட்டைப் பார்த்துக்கங்க

பஷீர் அகமதுவைப் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்லமாட்டேன். செய்த காரியத்தை முதலிலிருந்து மறுபடி செய்யச் சலிக்காதவர், அவ்வளவுதான். அந்தக் குணம் கெட்டிக்காரத்தனத்தைவிட அரிது என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது.

சங்ககிரிக்காரர். மேட்டூர் அணை கட்டியபோது அங்கே பட்டறையில் ஃபிட்டர். அணை முடிந்ததும் மல்லசமுத்திரத்தில் செங்கோடனின் நிலக்கடலை உடைக்கும் மில்லுக்கு வந்தார். உடைந்த ஓடுகளை ஊதித் தள்ள அங்கே ஒரு பெரிய இரும்பு விசிறி உண்டு. அந்த ஓடுகளுக்கு மில்லில் பொட்டு என்று பெயர்.

அறுவடை தொடங்கிய வாரம் விசிறி ஆட ஆரம்பித்தது. சுவரில் காரை உதிர்ந்தது. பேரிங் சூடேறி, கை வைக்க முடியவில்லை. விசிறி நிற்கும் அஸ்திவாரத்தை இடித்துப் புதிதாகப் போடுவது என்று செங்கோடன் முடிவுகட்டினார். அது காய்வதற்குள் ஊர்க் கடலையெல்லாம் வேறு மில்லுக்குப் போய்விடும்.

"அஸ்திவாரத்துல கோளாறு இல்லீங்க மொதலாளி. விசிறியில ஒரு பக்கம் கனம். நான் சரி பண்ணிப் போடுறேன்."

"பொழுது சாயற வரைக்குந்தான் பாய். அப்புறம் கடப்பாறை எறங்கிரும்."

பஷீர் விசிறியைக் கழற்றினார். மட்டம் பார்த்து வைத்த இரண்டு தண்டவாளத் துண்டுகளின்மேல் அதன் நடு அச்சான ஷாஃப்டைக் கிடத்தினார். விசிறி தானாக உருண்டு, கனமான பக்கம் கீழே வந்து நின்றது. எப்படித் திருப்பிவிட்டாலும் அதே இறக்கை. அதற்கு நேர் எதிர் இறக்கையில் எடை சேர்க்க வேண்டும். அங்கே சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்தார்.

தொழுகை நேரம் வந்தது. மில்லில் வேலை செய்யும் பெண்களுக்குத் தலைவியான மாரக்காளிடம், "அக்கா, அந்தப் பொட்டைக் கொஞ்சம் பார்த்துக்கங்க. தொழுதுட்டு வாரேன்" என்று சொல்லிப் போனார்.

திரும்பியபோது விசிறி பளபளத்தது. இறக்கை இடுக்குகளில் எண்ணெயோடு இறுகி, இரும்பின் நிறத்திலேயே கிடந்த ஓட்டுத்தூளையெல்லாம் மாரக்காள் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்திருந்தார்.

"ஏனுங்க, நான் வெச்ச பொட்டு எங்கீங்க?"

"நீங்க எங்கீங்க வெச்சீங்க? அது வருசக்கணக்கா அடைஞ்ச பொட்டு. ஒரு மொறம் தேறுச்சு. வேணுமின்னா குப்பையிலிருந்து அள்ளியாரட்டுங்களா?"

செங்கோடன் சிரித்துவிட்டார். "பாய், பொட்டு போயிருச்சு. கடப்பாறை எடுக்கட்டுமா?"

"பொட்டுதானுங்க போச்சு. விசிறி இருக்குதே, மறுபடி கேட்டாச் சொல்லுது."

மறுபடி உருட்டினார். இப்போது வேறு இறக்கை கீழே வந்தது. பஷீர் குப்பையில் கிடந்த தூளை எட்டிப் பார்த்தார். காலையில் அவர் சோதித்தது விசிறியை மட்டுமல்ல, அதில் அடைந்த குப்பையையும் சேர்த்து. அந்தக் கணக்கில் எடை வைத்திருந்தால், குப்பை உதிர உதிர விசிறி மறுபடி ஆடியிருக்கும். அப்போது பழி அஸ்திவாரத்தின்மேல் விழுந்திருக்கும்.

"நல்லவேளை அக்கா, நான் சொன்னது உங்களுக்கு வெளங்கலை."

"எனக்கு நல்லாத்தான் வெளங்குச்சு. உங்களுக்குத்தான் சொல்லத் தெரியலை."

எடை குறைந்த இறக்கையில் களிமண்ணை ஒட்டினார். கொஞ்சம் எடுத்தார், கொஞ்சம் சேர்த்தார். எந்த நிலையில் விட்டாலும் விசிறி அங்கேயே நின்றபிறகு, அந்தக் களிமண்ணின் எடைக்கு ஒரு தகடு வெட்டி ரிவெட் அடித்தார். விசிறியைத் திரும்ப ஏற்றி, பேரிங் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாய் இறுக்கினார்.

பொழுது சாய்வதற்குள் எஞ்சின் ஓடியது. மாரக்காள் பேரிங் மூடியின்மேல் ஒரு நிலக்கடலைப் பருப்பை வைத்தார். அது உருளவில்லை. கடப்பாறையோடு காத்திருந்த ஆட்களைச் செங்கோடன் மூட்டை இறக்க அனுப்பினார்.

அதன்பின் விசிறியைக் கழற்றும்போதெல்லாம், தண்டவாளத்தில் ஏற்றுவதற்கு முன்பே பஷீர் கூப்பிடுவார்: "அக்கா, பொட்டைப் பார்த்துக்கங்க!"

"எந்தப் பொட்டுங்க பாய்?"

"எடுக்கறது உங்களுது. வெக்கறது என்னுது."