சர்க்கரையில் போகாத விரல்கள்

என் அப்பாவின் இடது காலில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் அவர் ராணுவத்தில் இருந்தபோது வடக்கே பனிமலையில் போயின. திண்டிவனத்தில் இதை யாரும் நம்பியதில்லை.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போவது. அதில் விரல் போகும் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? ஆனால் சர்க்கரை வியாதியில் விரல் போனவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதனால் அப்பா செருப்பைக் கழற்றுகிற இடத்திலெல்லாம், கோயில் வாசலோ கல்யாண மண்டபமோ, யாராவது ஒருவர் அவர் காலைப் பார்த்துவிட்டு ஆரம்பித்துவிடுவார்.

"சுகருங்களா? எத்தினி வருசமா?"

"சுகர் இல்லைங்க. மிலிட்டரில இருக்கசொல்ல பனியில போச்சு."

"எங்க மச்சானும் இப்டித்தாங்க, ஒத்துக்கவே மாட்டான். வெந்தயத்த ஊறவச்சி காலைல வெறும் வயித்துல சாப்ட்டுப் பாருங்க."

அப்பா டீயில் சர்க்கரையைத் தாராளமாகப் போடச் சொல்கிறவர். அதையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். இத்தனை வருடங்களில் அவருக்குக் கிடைத்த பாகற்காய் யோசனைகளையும் ஆவாரம்பூ யோசனைகளையும் சேர்த்தால் ஒரு நாட்டுமருந்துக் கடையே வைக்கலாம். எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்துக்கொண்டு போய்விடுவார். யார் எது சொன்னாலும் மகளான எனக்குத்தான் மூக்கு மேல் கோபம் வரும்.

அவருக்கும் கோபம் வரும் என்பது இரண்டு வருடங்களுக்கு முன்னால்தான் எனக்குத் தெரிந்தது. நடையில் தள்ளாட்டம் வந்து, விரல் இல்லாத காலுக்கென்று தனியாகத் தைத்த ஷூ வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கான மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த இளம் டாக்டர் அப்பாவின் ராணுவப் பணிப் புத்தகத்தைப் புரட்டினார். அப்பா பனிமலையில் இருந்ததாகச் சொன்ன காலத்தில் அவர் ஏதோ ஒரு சமவெளி நகரத்துக் கிடங்கில் அரிசி மூட்டை எண்ணிக்கொண்டிருந்ததாக அதில் இருந்தது. பனிமலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தரும் பதக்கமும் பதக்கப் பட்டியலில் இல்லை. டாக்டர் காலைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், 'சர்க்கரை நோய்' என்று எழுதினார்.

ரத்தத்தில் சர்க்கரை இல்லையே என்று பரிசோதனைச் சீட்டை நீட்டினேன்.

"கண்ட்ரோல்ல வச்சிருக்கார். வெரி குட்," என்றார்.

வெளியே வந்ததும் அப்பா மரத்தடியில் நின்றுவிட்டார். முகம் சிவந்திருந்தது. "எனக்கு மெடல் கிடல்லாம் வாணாம். அந்த சுகர அடிச்சிட்டு பனின்னு எழுதணும். அவ்ளோதான்," என்றார். திரும்ப உள்ளே போய்க் கேட்டதற்கு, புத்தகத்தில் பதக்கம் ஏறினால்தான் பனி என்று எழுத முடியும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆக, வேண்டாத பதக்கத்தைத் தேடி விழுப்புரத்துக்கு பஸ் ஏறினோம்.

விழுப்புரத்தில் இந்த மாதிரி விஷயங்களைப் பார்க்கிற அலுவலகம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர், வாசலில் மாட்டியிருந்த பலகையை விட நீளம். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், மரியாதையாகப் பேசினார். வேலை மட்டும் நடக்கவில்லை.

"சார் பனிமலையில இருந்ததுக்கு ப்ரூஃப் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அப்பா குனிந்து, கேன்வாஸ் ஷூவைக் கழற்றி, காலைப் பக்கத்து நாற்காலியில் தூக்கி வைத்தார். குமாஸ்தா எழுந்து நின்றே அதைப் பார்த்தார்.

"இது ஒரிஜினலுங்க சார். இத நாங்க வாங்கி வச்சிக்க முடியாது. போட்டோ எடுத்து, கெஜட்டட் ஆபீசர் கையெழுத்தோட குடுத்துடுங்க. ஃபைல்ல சேத்துடறேன்."

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே உதவி செய்துகொண்டிருந்தார்.

திண்டிவனத்தில் ஸ்டூடியோக்காரர் பாஸ்போர்ட் சைஸா என்று கேட்டார். காலுக்குப் பின்னால் வெள்ளைத் துணி கட்டினார். சட்டை போட்டிருக்கிறாரா என்று வேறு பார்த்துக்கொண்டார். கையெழுத்துக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே கெஜட்டட் அதிகாரி அரசாங்க மாட்டு டாக்டர். அவர் வாசலில் இரண்டு பசுக்களுக்கும் ஒரு கன்றுக்குட்டிக்கும் பின்னால் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும், ஒரிஜினலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அப்பா காலை நீட்டினார். குளம்பைப் பார்க்கிற பழக்கத்திலோ என்னவோ, அவர் காலை அழுத்திப் பிடித்து, திருப்பி, விரலிடுக்கில் எல்லாம் பார்த்தார்.

"சுகர் கால் இப்டி ஆறாதுங்க. ஆனா அத நான் சொன்னா செல்லாது. மாட்டுக்குத்தான் சொல்லலாம்," என்றபடி பச்சை மையில் 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார். ராணுவத்திலிருந்து வந்த பிறகு அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்த முதல் டாக்டர் அவர்தான்.

படம் விழுப்புரத்திலிருந்து வடக்கே எங்கேயோ உள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போனது. மழைக்காலம் முடிந்து மல்லாட்டைக் கடலை விதைப்பும் முடிந்த பிறகு பதில் வந்தது. குமாஸ்தா போன் செய்து வரச் சொன்னார். போனதும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார்.

"நல்ல சேதிங்க சார். உங்க மெடல் எப்பவோ குடுத்தாச்சாம். கெடார் அட்ரஸ்ல நீங்களே கையெழுத்து போட்டு வாங்கியிருக்கீங்க. மறந்துட்டீங்க போலக்குது."

அப்பா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"அது நான் இல்லைங்க. என் தம்பி," என்றார்.

இதை விளக்க எங்கள் குடும்பத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்களில் தலைப்பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரைத்தான் வைப்பார்கள். எங்கள் பூர்வீக ஊரான கெடாரில் இருந்த அப்பாவின் தாத்தாவுக்கு இரண்டு மகன்கள். இரண்டு பேரும் தங்கள் தலைப்பிள்ளைக்கு அவர் பெயரை வைத்து, அவர் மனதைக் குளிர வைத்தார்கள். இனிஷியலும் ஒரே எழுத்தாக அமைந்துவிட்டது. வீட்டில் 'பெரியவன்', 'சின்னவன்' என்று கூப்பிட்டுச் சமாளித்தார்கள். ராணுவத்துக்கு அந்த வசதி இல்லை. பெரியவனான என் அப்பாவும் சின்னவனான சித்தப்பாவும் ஒரே நாளில், ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று பட்டாளத்தில் சேர்ந்தார்கள். ஆகவே படை எண்ணிலும் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. அப்பா மலைக்கு ஏறினார், சித்தப்பா கிடங்கில் மூட்டை எண்ணினார். எழுதியவர் யாரோ, இவர் வரியை அங்கேயும் அவர் வரியை இங்கேயும் எழுதிவிட்டார்.

கெடார் போய்க் கேட்டிருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். ஆனால் ஒரு புளியமரம் யாருடையது என்பதில் இரண்டு பேருக்கும் பேச்சு அறுந்திருந்தது. மரம் ஒரு புயலில் விழுந்து விறகாகிச் சாம்பலும் ஆகிவிட்டது, சண்டை மட்டும் பட்டுப்போகாமல் நின்றது. இப்போது, கிடங்கில் இருந்தது நான்தான் என்று சித்தப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் இரண்டு புத்தகங்களையும் திருத்த முடியும் என்றார்கள்.

விழுப்புரத்தில் பஸ் மாறிக் கெடாரில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது சித்தப்பாவின் ஃப்ளெக்ஸ் பேனர். பேத்தியின் மஞ்சள் நீராட்டுக்கு வைத்தது. பேத்தி ஒரு மூலையில் தபால்தலை அளவில் இருந்தாள். நடுவில் ராணுவத் தொப்பியோடு சித்தப்பா, பின்னால் வெள்ளை மலை, மேலிருந்து கொட்டுகிற பனி. 'பனிமலை வேங்கையின் பேத்தியே வருக' என்று எழுதியிருந்தது. அந்த வேங்கையை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

வேங்கை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. இடது காலில் பெரிய கட்டு. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அப்பாவின் பதக்கம். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டபடி தானாகவே சொன்னாள்.

"பனியில அடிபட்ட காலுங்க. அப்ப ஒண்ணும் தெர்ல, இப்ப வேலையக் காட்டுது. ரெண்டு வெரல எடுத்துட்டாங்க பாவம். நாட்டுக்காக எவ்ளோ கஷ்டப்பட்டாரு."

சித்தி டீ கொண்டுவந்தாள். எங்கள் தட்டில் பிஸ்கட் இருந்தது, சித்தப்பாவுக்கு இல்லை. அவர் டம்ளரை மட்டும் தனியாக எடுத்து, "இது போடாதது," என்று தாழ்ந்த குரலில் சொல்லிக் கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். திண்டிவனத்தில் பனி சர்க்கரையாகிவிட்டது. கெடாரில் சர்க்கரை பனியாகிவிட்டது. இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது ஒரு பஸ் மாற்றம்தான்.

அப்பா சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மாள் போகும்வரை காத்திருந்தார்.

"எப்பத்திலேந்துடா சுகரு?"

"ஆச்சுண்ணே, அஞ்சாறு வருசம்." சித்தப்பா தலையைத் தூக்கவில்லை. "மெடலு தபால்ல வந்துச்சு. என் பேரு, என் நம்பரு. வாங்கி மாட்டுனேன். ஒருத்தன் வந்து இன்னா இதுன்னான், சொன்னேன். அப்புறம் ஊரே கேட்டுக்கினு வந்துச்சு. எங்க நிறுத்தறதுன்னே தெர்லண்ணே."

அப்பா தாளை நீட்டினார். சித்தப்பா அதை எழுத்துக் கூட்டுவதுபோல் மெல்லப் படித்தார். நான் சேர்த்து வைத்திருந்த நாலு வார்த்தைக்கு வேலையே வைக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"ஊர்ல மட்டும் சொல்லாதண்ணே."

"நான் ஏன்டா சொல்றேன்," என்றார் அப்பா.

அப்பா சொல்லவில்லை. அலுவலகம் சொல்லிவிட்டது. அத்தனை மாதம் அசையாத அலுவலகம், திருத்தம் வந்ததும் அதன் நகலைக் கெடார் ஊராட்சிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் 'தகவலுக்காக' என்று ஜல்தியாக அனுப்பிவைத்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் குடியரசு தினத்துக்கு வருடா வருடம் சித்தப்பாதான் பனிமலை பற்றிப் பேசுகிறவர். சர்க்கரையை அடித்துவிட்டுப் பனி என்று டாக்டர் எழுதிக்கொடுத்த தாளை அப்பா எடுத்து எடுத்துப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்த நேரத்தில், தலைமையாசிரியரிடமிருந்து அழைப்பு வந்தது. இனிமேல் அசல் வீரர்தான் பேச வேண்டும் என்றார். அப்பா வேண்டாம் என்றார். நான்தான் கட்டாயப்படுத்தி, புது ஷூவைப் போட்டு அழைத்துப் போனேன். சித்தப்பாவின் ஊர் பார்க்கட்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து முடிந்ததும் அப்பாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"பனி நெறைய இருக்கும். ரொம்பக் குளிரு. காலுல ரெண்டு வெரலு போச்சு. ஜெய்ஹிந்த்," என்று அப்பா மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

முன்வரிசையில் ஒரு சிறுமி பக்கத்துப் பெண்ணிடம், "அந்தத் தாத்தாதான் நல்லா சொல்வாரு," என்றாள். எல்லோருக்கும் கேட்டது. தலைமையாசிரியர் கனைத்தார். அந்தத் தாத்தா கடைசியில், ஊர்க்காரர்களுக்கும் பின்னால், கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அப்பாவும் அவரைப் பார்த்துவிட்டார். "அவனையே கூப்பிடுங்க," என்றார்.

சித்தப்பா கம்பை ஊன்றி வந்தார். "இது நான் பட்டது இல்ல, பசங்களா. எங்க அண்ணன் பட்டது. லீவுல வந்தப்ப மோட்டார் கொட்டாயில படுத்துக்கினு எங்கிட்ட ஒரு வாட்டி சொன்னாரு," என்று ஆரம்பித்தார். பனியை உருக்கிக் குடித்ததைச் சொன்னார். கூடாரத்தில் ஸ்டவ் அணைந்துபோனதைச் சொன்னார். கூட இருந்த சின்னப் பையனின் சாக்ஸ் நனைந்து விறைத்துப்போனதால் அண்ணன் தன்னுடைய காய்ந்த சாக்ஸைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டதைச் சொன்னார். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அப்பாவின் மகள் நான், இதில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது.

"காலைல ஹெலிகாப்டர் வந்து அந்தப் பையன தூக்கினு போச்சு. பொழச்சிக்கினான். எங்க அண்ணன் ரெண்டு வெரல குடுத்து ஒரு உசுர வாங்குனாரு," என்று முடித்தார். பிள்ளைகள் வருடா வருடம் தட்டுகிற இடம் போலிருக்கிறது, தயாராகக் கையைத் தட்டினார்கள்.

அப்பா எழுந்து அவர் தோளில் கைவைத்தார். மைக் இன்னும் திறந்தே இருந்தது.

"இல்லடா. அவன் பொழைக்கல."

"தெரியும்ண்ணே," என்றார் சித்தப்பா. "பசங்களாச்சேன்னு…"

"விடியறதுக்குள்ள போய்ட்டான். அவன் காலுலேந்து சாக்ஸ உருவிப் போட்டுக்கோன்னாங்க. எனக்கு மனசு வரல. அப்டியே எறங்கி வந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பிள்ளைகள் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். சித்தப்பா பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, அப்பாவை உட்காரச் சொன்னார்.