உட்கார்ந்தா மடங்கணும், எழுந்தா விரியணும்

எங்க தொழில்ல ஒரே ஒரு விதிதான். போட்டுக்கிட்டவங்க உட்கார்ந்தா மடங்கணும், எழுந்தா விரியணும்.

விக்டோரியா ராணி காலத்து வெள்ளைக்கார அம்மாக்களோட கவுனைப் படத்துல பார்த்திருப்பீங்க. இடுப்புக்குக் கீழ குடை விரிச்ச மாதிரி நிக்கும். துணி தானா அப்படி நிக்காது. உள்ள இரும்புப் பட்டையில வளையம் வளையமா ஒரு கூண்டு இருக்கும், ஹூப்புன்னு பேரு. இன்னிக்கும் வெளிநாட்டுல அந்தக் கால டிரஸ்ஸைப் போட்டுக்கிட்டு ஒண்ணாக் கூடி ஆடுறவங்க, நாடகம் போடுறவங்க இருக்காங்க. அவுங்க காருல உட்காரவும், பெட்டியில மடிச்சு வச்சு ஊருக்கு எடுத்துட்டுப் போவவும் தோதா மடங்குற கூண்டு டிசைன் பண்றது நான். கடலூர்ல, எங்க வீட்டு முன்ரூம்ல. தைக்கிறதும் போட்டுப் பார்க்கிறதும் என் சம்சாரம் கஸ்தூரி. வீட்டுக்குள்ளயே தொழிலை வச்சுக்கிட்டு, வீட்டு ஆளையே வேலையாளாவும் வச்சுக்கிட்டு அவதிப்படுற என்னை மாதிரி ஆளுங்களுக்கு இதுல பாதி நான் சொல்லாமலே புரியும்.

கம்பி வேலை

பண்ருட்டியில ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்து இலைக்காரர், கஸ்தூரிக்குத் தூரத்துச் சொந்தம், "மாப்ள என்னா பண்றீங்க?"ன்னு கேட்டாரு. இந்தக் கேள்விக்கு நான் வழக்கமா "கம்பி வேலை"ன்னு சொல்லிட்டு ரசம் கேட்டுடுவேன். அன்னிக்கு மனுஷன் விடலை. ஜன்னல் கம்பியா, கேட்டா, கோழிப்பண்ணைக்கு வலையான்னு துருவித் துருவிக் கேட்டாரு. வேற வழியில்லாம குரலைத் தாழ்த்தி, பாவாடைக்குள்ள போடுற கம்பின்னு சொல்லிட்டேன். வாய்க்குப் போன அவரு கை பாதியில நின்னுடுச்சு. சுத்தி நாலு இலைக்காரங்க திரும்பிப் பார்த்தாங்க. எதிர் வரிசையில கஸ்தூரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு சிரிக்கிறா. அவரு நெசமாவே கவலைப்பட்டுக் கேட்டாரு:

"அதைக் கட்டிக்கிட்டு எப்படி மாப்ள டவுன் பஸ்ல ஏறுறது?"

முதல் கூண்டு

அடிப்படையில நான் ஃபிட்டர். வேலை பார்த்த கம்பெனியை மூடிட்டாங்க. பாண்டிச்சேரியில நாடக டிரஸ் ஏத்துமதி பண்ற ஏஜென்ட் ஃபெலிக்ஸ் சார் ஒரு பழைய படத்தைக் காட்டி, "இதை மடங்குற மாதிரி பண்ண முடியுமா?"ன்னாரு. முடியும்னுட்டேன். வயித்துப்பாடு, வேற என்னா சொல்றது. மெஷின் பெட்டியைச் சுத்தி இறுக்கி வர்ற இரும்புப் பட்டையைப் பழைய இரும்புக்கடையில பொறுக்கிட்டு வந்து, அதை வளைச்சு முதல் கூண்டைப் பண்ணினேன்.

கஸ்தூரி அக்கம்பக்கத்துக்கு பிளவுஸ் தைச்சுக்கிட்டு இருந்தவ. பட்டைக்கு உறை தைச்சு, நாடா வச்சு, தானே அதைக் கட்டிக்கிட்டு ஸ்டூல்ல உட்கார்ந்தா. பின்பக்கம் அமுங்கினதும் முன்பக்கம் மொத்தமா எகிறி அவ மூக்குல வந்து இடிச்சுது. மேல போட்டிருந்த நைட்டியும் சேர்ந்து மேல போயிடுச்சு. நல்லவேளை, கதவு சாத்தியிருந்துச்சு. என்னை அவ மாமான்னுதான் கூப்பிடுவா. மூக்கைத் தடவிக்கிட்டே சொன்னா:

"மாமா, வெள்ளைக்காரிக்கும் மானம்னு ஒண்ணு இருக்கும்ல?"

ஆட்டோ

அடுத்த மாடல்ல ரெண்டு பக்கமும் கீல் வச்சேன். ஸ்டூல்ல நல்லா மடங்குச்சு. காருல மடங்குமான்னு பார்க்கணும், காருக்கு எங்க போறது? எதிர்வீட்டு சுலைமான் பாய் ஆட்டோ வச்சிருக்காரு. அவருகிட்ட விஷயத்தைச் சொன்னதும் வண்டியை எங்க வாசலை ஒட்டி நிறுத்திட்டு, செவுத்தைப் பார்த்துத் திரும்பி நின்னுக்கிட்டாரு. கஸ்தூரி ஏறினா. பாதிதான் ஏறினா. மீதிப் பாதி ரோட்டுல நின்னுது. அவ இறங்கி வந்து எங்கெங்க இடிக்குதுன்னு சொல்லச் சொல்ல நான் நோட்டுல எழுதிக்கிட்டேன். அவ சொல்ற குறையை எழுதுறது, எழுதினதைச் சரி பண்றது, இப்படித்தான் எங்க தொழில் வளர்ந்துச்சு. பாய் செவுத்தைப் பார்த்தபடியே சொன்னாரு:

"தங்கச்சி, நம்ம வண்டியில மூணு பேருக்கு மேல ஏத்தக் கூடாது. இது ஒண்ணே நாலு பேருக்குச் சமம்மா."

டப்பு

போன வருஷம் புது மாடல் ஒண்ணு பண்ணினேன். நல்ல ஸ்பிரிங் பட்டை. எழுந்ததும் டப்புன்னு ஒரே நொடியில விரியும். வீடியோவைப் பார்த்துட்டு ஃபெலிக்ஸ் சார் துள்ளிக் குதிச்சாரு. "அந்த டப்புக்காகவே வாங்குவாங்க"ன்னாரு. எனக்கும் தலைகால் புரியலை. கஸ்தூரிக்கு மட்டும் அது பிடிக்கலை. எழுந்திரிக்கிறப்ப பக்கத்துல என்னா இருந்தாலும் தட்டி விடுது, மெதுவா விரியற மாதிரி பண்ணுங்கன்னா. உண்மைதான், தண்ணி சொம்பு ரெண்டு தடவை உருண்டுச்சு. பார்த்தேன். ஆனா அந்தக் குறையை மட்டும் நான் நோட்டுல எழுதலை.

மெதுவா விரிஞ்சா டப்பு ஏது? அனுப்ப வேண்டிய தேதியும் நெருங்கிட்டுது. "அவுங்க பெரிய ஹால்ல ஆடப் போறாங்க. பக்கத்துல சட்டி பானையா இருக்கப் போவுது? அதைப் போட்டுக்கிட்டு சமைக்கவா போறா வெள்ளைக்காரி?"ன்னு கேட்டேன். ரொம்ப சாமர்த்தியமாப் பேசிட்டதா எனக்கு நினைப்பு. அவ ஊசியில நூல் கோத்துக்கிட்டே, நிமிராம சொன்னா:

"நான் சமைக்கிறேனே மாமா."

கொக்கி

எந்த மாடலா இருந்தாலும் அனுப்புறதுக்கு முன்னாடி கஸ்தூரி ஒரு நாள் முழுக்க அதைப் போட்டுக்கிட்டு வீட்டு வேலையெல்லாம் செய்யணும். இந்த வழக்கத்தை வச்சது நான்தான். அன்னிக்கும் காலையிலேயே கட்டிக்கிட்டா. கூட்டினா, துவைச்சா, மத்தியானம் சோறு வடிக்க பானையைத் தரைக்கு இறக்கினா. குந்தி உட்கார்ந்து பானையைச் சாய்ச்சிருக்கா. கூண்டு ஒழுங்கா மடங்கியிருக்கு. கரித்துணி கைக்கு எட்டலைன்னு அரை ஆளா எழுந்திருக்கா. கூண்டு ஒழுங்கா விரிஞ்சிருக்கு. விரிஞ்ச வேகத்துல தட்டி, பானை அவ மேலயே கவுந்துடுச்சு.

சத்தம் கேட்டு ஓடினேன். குடத்துத் தண்ணியை மொத்தமா அவ மேல ஊத்தினேன். கொதிக்கிற கஞ்சியில ஊறின உள்பாவாடை தொடையில ஒட்டிக்கிட்டு நிக்குது. மேல இருக்கிற கூண்டைக் கழட்டினாத்தான் அதைக் கழட்ட முடியும். ஆடுறப்ப அவிழக் கூடாதுன்னு இடுப்புல நானே டபுள் கொக்கி போட்டிருந்தேன். தண்ணியில நனைஞ்சு விரல் வழுக்குது. நான் போட்ட கொக்கி எனக்கே வரலை. அவ கத்தலை. பல்லைக் கடிச்சுக்கிட்டு சொன்னா:

"கொக்கியை விடுங்க மாமா. கத்திரி எடுங்க."

விசாரணை

கடலூர்ல பார்த்துட்டு, சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாங்க. ரெண்டு தொடையும் முட்டியும் வெந்திருந்துச்சு. கல்யாணமான பொம்பளை வெந்துபோய் வந்தா போலீஸ் வந்து கேக்கும். கேக்கவும் வேணும். வந்தவங்க ஒரு லேடி போலீஸ். "என்னா தொழில்?"னாங்க. பழக்கத்துல "கம்பி வேலை"ன்னுட்டேன். "என்னா கம்பி?"ன்னாங்க. சொன்னேன். செல்லுல வெள்ளைக்கார அம்மா படத்தையும் காட்டினேன். படத்தைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, திரும்பவும் படத்தைப் பார்த்தாங்க. வெளிய நில்லுங்கன்னுட்டு கஸ்தூரிகிட்ட தனியாப் பேசப் போனாங்க.

வராண்டாவுல நின்னேன். 'மெதுவா விரியட்டும்னு சொன்னேன், கேக்கலை, போட்டுக்கச் சொன்னாரு'ன்னு அவ சொன்னா அது சத்தியம். சொல்லிட்டாத் தேவலைன்னு ஒரு மனசு. யாராவது ஒருத்தர், முக்கியமா அவ, 'உன்னாலதான்'னு சொல்லிட்டா அப்புறம் மூச்சு விடலாம் போல இருந்துச்சு. ஐயோ, சொல்லிடப் போறாளேன்னு இன்னொரு மனசு. உள்ளதைச் சொல்றேன், இந்த ரெண்டாவது மனசுதான் பெரிசா இருந்துச்சு. கால் மணி நேரம் கழிச்சு அந்தம்மா நோட்டை மூடிக்கிட்டே வந்தாங்க.

"சோறு வடிக்கிறப்ப கை வழுக்கிடுச்சாம். உங்க பேரையே எடுக்கலைங்க. அதான் எனக்கு இடிக்குது."

மூணாவது மெசேஜ்

ஃபெலிக்ஸ் சார் கெட்டவரு இல்ல. விஷயம் தெரிஞ்சதும் "வீட்ல எப்படி இருக்காங்க?"ன்னு ஒரு மெசேஜ். கொஞ்ச நேரத்துல "தைரியமா இருங்க, ஜெபம் பண்றேன்"னு ஒண்ணு. ரெண்டுக்கும் கும்பிடு போட்டு அனுப்பினேன். சாயங்காலம் மூணாவது வந்துச்சு. எழுதி எழுதி அழிச்சிருப்பாரு போல, 'டைப்பிங்'னு ரொம்ப நேரம் காட்டிக்கிட்டே இருந்துச்சு.

"ஹூப்புக்கு ஒண்ணும் ஆகலையே?"

போர்வை

வார்டுல எதிர்க் கட்டிலுக்கு ஆம்பளைங்க வந்து போயிட்டே இருந்தாங்க. கஸ்தூரி மேல எதையாவது போர்த்தியே ஆகணும். போர்த்தினா துணி பட்டு எரியுது, துடிக்கிறா. எடுத்துட்டா கூச்சத்துல கூனிக் குறுகிப் போறா. வேட்டியோட ரெண்டு நுனியைப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டு நானும் எவ்வளவு நேரம் நிப்பேன்? துணி படாம தூக்கி நிறுத்துற கம்பிச் சட்டம் ஒண்ணு வார்டுல இருந்துச்சு. அது வேற கட்டிலுக்குப் போயிருந்துச்சு. துணியை உடம்புல படாம நிக்க வைக்கிறதைத்தான் ஏழு வருஷமாப் பண்ணிக்கிட்டு இருக்கோம்னு என் மரமண்டைக்கு உறைக்க ரெண்டு நாள் ஆச்சு.

பஸ் ஏறிக் கடலூர் வந்தேன். வீட்டுல இருந்தது அந்தக் கூண்டு ஒண்ணுதான். வெட்டின நாடாவை முடிச்சுப் போட்டு, மடிச்சு, கக்கத்துல இடுக்கிக்கிட்டு திரும்பவும் சிதம்பரம் பஸ். நர்ஸம்மா ஒண்ணும் கேக்கலை. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுக் கொடுத்தாங்க. கஸ்தூரி அதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கிட்டா. டப்புன்னு விரிஞ்சுடுமோன்னு பயந்து, பட்டையை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு அங்குலம் அங்குலமா விட்டேன். கால் மேல நின்னுது. அதுக்கு மேல போர்வை. துணி எங்கயும் படலை. போர்வை நுனியை இழுத்துச் சரி பண்ணினேன். கண்ணைத் திறக்காமலே சொன்னா:

"இப்படி விரியணும்னுதான் சொன்னேன்."

கஸ்டமர் கருத்து

அதுக்கப்புறம் பண்ணின மாடல்ல பட்டையோட வேகத்தைப் பிடிச்சு நிறுத்த குறுக்கால ஒரு நாடா வச்சேன். எழுந்தா மெதுவா, சோம்பல் முறிக்கிற மாதிரி விரியும். கொக்கி ஒத்தை இழுப்புல வந்துடும். வழக்கமா வாங்குற ஒரு வெளிநாட்டு அம்மாவுக்கு ஃபெலிக்ஸ் சார் அந்த வீடியோவை அனுப்பினாரு. அவுங்க பதிலைத் தமிழ்ல எனக்குப் படிச்சுக் காட்டினாரு.

"எல்லாம் அருமை. ஆனா பழைய வீடியோவுல எழுந்திரிக்கிறப்ப ஒரு குஷி இருந்துச்சு, இதுல அது இல்ல."

வெறும் பானை

கஸ்தூரி வீட்டுக்கு வந்து அஞ்சு மாசம் ஆவுது. முட்டியில தோல் இழுத்துப் பிடிச்சுக்கிட்டதால தரையில குந்த முடியலை. நாள் முழுக்க பிளாஸ்டிக் நாற்காலிதான். ஜாஸ்தி பேசுறதும் இல்ல. சோறு நான்தான் வடிக்கிறேன். போட்டுப் பார்க்கிற ஆளும் இப்போ நான்தான். லுங்கி மேல கூண்டைக் கட்டிக்கிட்டு நான் வீடு கூட்டுறதை நீங்க பார்த்தா விழுந்து விழுந்து சிரிப்பீங்க. சுலைமான் பாய் ஒரு நாள் பார்த்துட்டு, சிரிக்காம போயிட்டாரு.

போன வாரம் புது மாடலை சமையல்கட்டுல வச்சு சோதனை பண்ணினேன். அதே மூலை, அதே பானை. வெறும் பானை. குந்தினேன், மடங்குச்சு. எழுந்தேன், மெதுவா விரிஞ்சுது. பானையைத் தொடக்கூட இல்ல. பெருமையாத் திரும்பிப் பார்த்தேன். வாசப்படிகிட்ட நாற்காலியில உட்கார்ந்திருந்தவ முகத்துல கோபமும் இல்ல, சிரிப்பும் இல்ல. போலீஸ்கிட்ட சொல்லாததை, அஞ்சு மாசமா என்கிட்டயும் சொல்லாததை, எப்பவும் குறை சொல்ற அதே குரல்ல சொன்னா:

"கஞ்சியோட வச்சுப் பாருங்க மாமா. எனக்கு அப்படித்தானே வச்சீங்க."

உட்கார்ந்தா மடங்கி எழுந்தா விரியற கூண்டு பண்ண எனக்கு ஏழு வருஷம் ஆச்சு, அதைப் போட்டுக்கிட்டவ சொன்னதைக் காதுல வாங்க ஒரு பானைக் கஞ்சி ஆச்சு.