அம்மா சொன்ன சாட்சி

அன்று அம்மா கட்டியிருந்தது மாம்பழக் கலர் பட்டுச்சேலை. என்னைப் பெண் பார்க்க ஆள் வரும்போதெல்லாம் அவள் கட்டுவது. ஆஸ்பத்திரிக்கு எதற்கு இது என்று கேட்டேன். "நாலு பேரு பார்க்கிற எடம்" என்றாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பதினோரு வருஷமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க ஓடும் தறிச் சத்தம் என்னை ஒன்றும் செய்யாது. மதியம் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் போதும், டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கக்கூஸில் போய் நின்றுகொள்வேன். அதற்கும் மனச்சோர்வு என்றுதான் சொன்னார்கள். யார் முகத்தையும் பார்த்துப் பேசாததற்கும் அதுதான் காரணமாம். என் ஃபைலில் அந்த ஒரு வார்த்தை உட்கார்ந்துகொண்டு வேறு எதையும் உள்ளே விடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிதாக வந்த மனநல டாக்டரம்மாதான் முதல்முறையாக நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். மனச்சோர்வோடு ஆட்டிசமும் இருக்கலாம், இருந்தால் அது பிறந்ததிலிருந்தே இருந்திருக்கும், பெரியவர்களுக்கும் சோதித்துப் பார்க்கலாம் என்றார். ஆனால் சின்ன வயதில் என்னைப் பார்த்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். அப்பா இல்லை. அம்மாவை விட்டால் எனக்கு வேறு சாட்சி கிடையாது. திமிர் பிடித்தவள் என்று ஊர் சொல்வது பொய் என எனக்கே நான் சொல்லிக்கொள்ள ஒரு காகிதம். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

டாக்டரம்மா கேள்வித்தாளை எடுத்ததும் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எப்ப பேச ஆரம்பிச்சாங்க?"

"அதெல்லாம் காலாகாலத்துல பேசிட்டா."

"மத்த பிள்ளைங்களோட விளையாடுவாங்களா?"

"தெருப் பிள்ளைக அம்புட்டும் இவ பின்னாலதான் கெடக்கும்."

"சத்தம், துணி, சாப்பாடு, எதுக்காவது ரொம்ப அடம்?"

"போட்டதத் திம்பா. அடக்கமான பிள்ள. அதட்டிப் பேசக்கூடத் தெரியாது."

கடைசியாகச் சொன்னது அப்படியே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வது. ஓர் எழுத்து மாறவில்லை. நான் குறுக்கே பேசப் போனேன். "அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பிள்ள" என்று அம்மா டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு முப்பத்து நான்கு வயது.

"அம்மா சொல்றத வச்சு ஆட்டிசம்னு என்னால எழுத முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. பழைய மாத்திரையையே அளவு கூட்டி எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஆசுவாசமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாலு வயசு வரைக்கும் உனக்குப் பேச்சே வரல. மிக்சி போட்டா கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிடுவ. தலை சீவத் தொட விடமாட்ட. எம்புட்டுப் பாடு பட்டேன் தெரியுமா?"

"இத ஏம்மா அங்க சொல்லல?"

"ஏட்டி, பெத்தவளே பிள்ளைய விட்டுக்கொடுத்துப் பேசுவாளா? சொன்னா அவிய எழுதி வச்சிருவாகல்ல."

எழுதி வைக்கத்தான் லீவு போட்டு, கெஞ்சிக் கூத்தாடி அவளைக் கூட்டிப்போனேன். அந்த நிமிஷம் அம்மாவை வெறுத்தேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ராஜபாளையம் வரும்வரை முன் சீட்டின் பின்னால் இருந்த ஆணிகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.

இறங்கும்போது அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அவிய சொன்னது சரிதான். உனக்கு மாத்திரை பத்தல" என்றாள்.