கட்டிலருகே ஒரு சான்ட்விச்

உக்குவளையில் எங்களுக்குப் பிடித்த சான்ட்விச் கடையை நடத்தியவர் உயரமானவர், புருவம்கூட நரைத்தவர். வெளிநாட்டில், மொன்றியல் நகரில் ஒரு யூதர் கடையில் வேலை செய்தபோது மாட்டிறைச்சியை உப்பில் ஊறவைத்துப் புகை போடக் கற்றாராம். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்குத் தெரியாது. யார் வந்தாலும் முதலில் ஒரு மெல்லிய துண்டை நறுக்கிக் கையில் கொடுத்து, மென்று முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

டெங்குக் காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகியும் என் கணவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்படியே போனால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும் என்று டொக்டர் சொன்ன அன்று, பயத்தோடு அந்தக் கடைக்குப் போனேன்.

"அவருக்கு ஒண்ணு கட்டித் தாங்கண்ணே. எதுவுமே சாப்பிட மாட்டேங்கிறாரு."

"கட்டினா ஆறிடும் தங்கச்சி. வீடு எங்க?"

கடையைப் பூட்டிவிட்டு, சூடான இறைச்சிச் சட்டியோடு என்கூடவே வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து இறைச்சியை நறுக்கிப் பாணுக்குள் வைத்தார். வாசம் பட்டதும் கணவர் கண்ணைத் திறந்து, "கடுகு தடவலையா?" என்று கேட்டார். முழு சான்ட்விச்சையும் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கடைக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

புறப்படும்போது அந்த மனிதர் என் கணவரின் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றிங்க" என்றார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். அவர் எதற்குச் சொன்னார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.