இல்லத்தரசி ஆக்கப்பட்ட ஆறு வருடங்கள்

“1981 தொடக்கம் 1987 வரை: தொழில் இல்லை. இல்லத்தரசி.”

இந்த வரியைத் தட்டச்சில் அடித்து, கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடியும் போட்டு, குலசிங்கம் தன் தமையன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தான். கனடாவில் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஏழாம் மாடி, 1995 மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். உதவி செய்கிறோம் என்ற நினைப்பில்தான் செய்தான். உதவி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடமிருந்து ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும்.

அவனுடைய அண்ணி அருள்மலர் அந்த வரியை ஒருமுறை வாசித்தாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை வாசித்தாள். அவளுக்குக் காது மடல் வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஆறு வருடமும் அவள் என்ன செய்தாள் என்பதைச் சொன்னால்தான் அந்தக் கோபம் விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் தாதியாகப் படித்து வேலை செய்தவள் அருள்மலர். அவளுடைய கணவன் அன்புராசா கணித வாத்தியார். பசிபிக் சமுத்திரத்தில் மோத்துவாலி என்று ஒரு தீவு நாட்டுக்கு வாத்தியார்மார் தேவையென்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அவன் விண்ணப்பித்தான், கிடைத்தது, கைக்குழந்தையான மூத்த மகளோடு இருவரும் போனார்கள். உலகப் படத்தில் ஈ இருந்துவிட்டுப் போன புள்ளி மாதிரி இருக்கும் அந்த நாடு. மொத்தம் எட்டாயிரம் சனம். இவர்கள் போவதற்கு மூன்று வருடத்துக்கு முன்புதான் வெள்ளைக்காரன் கொடியை இறக்கித் தங்கள் கொடியை ஏற்றியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி என்பது இருபது கட்டிலும் ஒரு மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டியும். டொக்டர் வருடத்தில் நாலு மாதம் இருப்பார், மீதி எட்டு மாதம் கப்பலில் மற்றத் தீவுகளைச் சுற்றிக்கொண்டிருப்பார். அந்த எட்டு மாதமும் ஆஸ்பத்திரி அருள்மலரின் தலையில். நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளை அவள் கையால் எடுத்திருக்கிறாள். கால் முன்னுக்கு வந்த பிள்ளைகள், கொடி சுற்றிய பிள்ளைகள், இரட்டைகள் எல்லாம் அதில் அடக்கம்.

அதைச் சொர்க்கம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. 1984 இல் வயிற்றோட்டம் பரவியபோது சேலைன் முடிந்துவிட்டது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மூன்று நாளில் நாலு குழந்தைகள் செத்துப்போயின. நாலாவது குழந்தையைத் துணியில் சுற்றித் தாயின் கையில் கொடுத்துவிட்டு, கறை பட்ட உடுப்போடு அருள்மலர் நேரே பிரதமர் வீட்டுக்கு நடந்தாள். அங்கே பிரதமரின் வீட்டுக்குப் படலைகூட இல்லை. அந்த மனிதர் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஆறு அமைச்சர்கள் மாநாடு ஒன்றுக்குப் போகக் கப்பலை ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, வெட்கமில்லையா என்று அவள் கத்தினாள். சுற்றிவரச் சனம் கூடிவிட்டது. அவர் பம்பைக் கீழே போட்டார். அன்று பின்னேரமே பாயில் உட்கார்ந்து அவர்களுடைய பாராளுமன்றம் கூடியது. மாநாடு இல்லையென்று முடிவாயிற்று. மருந்தெடுக்க அந்தக் கப்பல் பக்கத்து நாட்டுக்குப் புறப்பட்டது. அதற்குப் பிறகு குழந்தை எதுவும் சாகவில்லை. ஆனால் செத்த நாலும் செத்ததுதான். அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் அந்தப் பிரதமரின் பிடரியில் ஒன்று போடவேண்டும் போலிருக்கும்.

1987 இல் அன்புராசாவின் ஒப்பந்தம் முடிந்தது. ஊரில் சண்டை, திரும்பிப் போக முடியாது. அதே கடலில் எண்ணூறு மைல் தள்ளி நூமேலா என்று இன்னொரு தீவில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அது நாடு இல்லை. சமுத்திரத்துக்கு அப்பாலிருந்த பெரிய நாடொன்றின் உடைமை. அந்தப் பெரிய நாட்டின் கொடிதான், காசுதான், சட்டம்தான்.

நூமேலா ஆஸ்பத்திரியைப் பார்த்தவுடன் அருள்மலருக்கு அழுகை வந்தது. எக்ஸ்ரே இருந்தது. சேலைன் போத்தல்கள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. அவள் இருந்த மூன்று வருடத்தில் மருந்தில்லாமல் ஒரு குழந்தையும் சாகவில்லை. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை, குறைத்துச் சொன்னதுமில்லை.

ஆனால் அங்கே பிள்ளை பிறக்கவும் தடை. கர்ப்பிணிகள் எட்டாம் மாதத்தில் விமானமேறிப் பெரிய நாட்டுக்குப் போய்த்தான் பெறவேண்டும் என்று தலைநகரில் எவனோ உத்தரவு போட்டிருந்தான். புருசனை விட்டு, மூத்த பிள்ளைகளை விட்டு, பாசை தெரியாத ஊரில் இரண்டு மாதம் தனியே கிடக்கவேண்டும். அது அவர்களுக்குச் சம்மதமா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒருத்திக்கு முந்திக்கொண்டு வலி வந்தது. விமானத்துக்கு இன்னும் ஐந்து நாள். அருள்மலர் பிள்ளையை எடுத்தாள். தாயும் சுகம், சேயும் சுகம். அடுத்த மாதம் அருள்மலருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதன்பிறகு காய்ச்சல் பார்க்கவும், கட்டில் விரிக்கவும், டொக்டருக்குத் தட்டம் ஏந்தவும்தான் அவளை விட்டார்கள்.

விமான ஓடுபாதையை நீட்டியதும் அப்படித்தான். சனம் தலைமுறையாகக் கிழங்கு நட்ட குழிகளின் மேலே இயந்திரம் ஏறியபோதுதான் அவர்களுக்கே செய்தி தெரியும். போய்க் கத்துவோம் என்றால் எந்த வீட்டு முற்றத்தில் போய்க் கத்துவது? தீவிலிருந்த நிர்வாகி நல்ல மனிதன். “என் கையில் ஒன்றுமில்லை, மேலே எழுதுகிறேன்” என்பான். எழுதியும் இருப்பான். கிணற்றில் போட்ட கல்.

1990 இல் கனடாவுக்கு வந்தார்கள். அன்புராசாவுக்கு ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலை. அருள்மலருக்கு வோபர்னில் முதியோர் இல்லமொன்றில் உதவியாள் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. அந்த வேலையை அவள் குறைச்சலாக நினைக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் நோயைக் கண்டும் கை வைக்கக்கூடாது என்பதுதான் அவளைக் கொன்றது. ஒரு கிழவியின் குதிக்காலில் புண் கறுத்துக்கொண்டு வருவதைக் கண்டு, பொறுப்பான தாதியிடம் சொன்னாள். “அது உன் வேலையில்லை, மலர்” என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். நாலாம் நாள் அம்புலன்ஸ் வந்தது. காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அன்று லோறன்ஸ் வீதி பஸ்ஸில் வீடு வரும்வரை அருள்மலர் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். வந்ததும் செய்த முதல் வேலை, தாதியாகப் பதிவதற்கு விண்ணப்பப் படிவம் எடுத்துத் தரும்படி மூத்த மகளிடம் சொன்னதுதான்.

வேலை செய்த இடங்களிலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். இரண்டு தீவுக்கும் எழுதினாள். மோத்துவாலிக் கடிதம் ஐந்தாவது கிழமை வந்துவிட்டது. சுகாதாரச் செயலாளர் தன் கையாலேயே மூன்று பக்கம் எழுதியிருந்தார். அவருக்கு ஊசி போடப் பழக்கியதே அருள்மலர்தான். நானூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணிக்கையைப் பிரசவப் பதிவேட்டைப் பார்த்து எழுதி, கீழே நீலமையில் நாட்டின் முத்திரையைக் குத்தியிருந்தார். நூமேலாவுக்கு எழுதியதற்கு ஒன்பது மாதம் கழித்துப் பெரிய நாட்டின் தலைநகரிலிருந்து பதில் வந்தது. இரண்டு வரி. இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை வேலை பார்த்தார். குறையேதும் பதிவில் இல்லை. அந்த எச்சரிக்கைக் கடிதம்கூடப் பதிவில் ஏறவில்லை போலும். கையெழுத்து வைத்தவன் அவளைக் கண்டதில்லை. நூமேலாவையும் கண்டிருக்க மாட்டான்.

தாதியர் பதிவு அலுவலகம் அந்த இரண்டு வரியை ஏற்றுக்கொண்டது. மூன்று பக்கத்தைத் திருப்பி அனுப்பியது. அவர்கள் அங்கீகரிக்கும் நாடுகளின் பட்டியலில் மோத்துவாலி இல்லையாம். நூமேலா பெரிய நாட்டின் பெயருக்குள் ஒளிந்து பட்டியலில் ஏறியிருந்தது. உறுதிப்படுத்த முடியாத சேவை அதில் இருக்கும்வரை விண்ணப்பக் கோவை நகராது என்றும் எழுதியிருந்தார்கள். அந்த மறுப்பைப் பார்த்துவிட்டுத்தான் குலசிங்கம் புதிய படிவத்தோடு வந்திருந்தான்.

குலசிங்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மாதத்துக்கொரு மண்டபத்தில் பேசுகிறவன். எங்களுக்கென்று ஒரு நாடு, எங்களுக்கென்று ஒரு கொடி என்று அவன் குரலை உயர்த்தினால் முன்வரிசையில் கண்ணைத் துடைப்பார்கள். அருள்மலரும் துடைத்திருக்கிறாள்.

“ஆர் தம்பி இல்லத்தரசி?” என்று அவள் கேட்டாள்.

“அண்ணி, உந்த மோத்துவாலியை எடுத்துவிட்டா எல்லாம் சரி. நூமேலா மூண்டு வருசமே போதும் எண்டு விசாரிச்சுப்போட்டன். இடையில ஆறு வருசம் வெறுமையா இருந்தாக் கேப்பினம். அதுதான் அப்பிடிப் போட்டனான்.”

“நான் பிள்ளை எடுத்தது, சேலைன் ஏத்தினது, அந்த நாலு குழந்தையளையும் துணியில சுத்தினது எல்லாம் வீட்டில சமைச்சுக்கொண்டு இருந்ததோ?”

“சும்மா விடுங்கோ அண்ணி. உது ஒரு நாடே? எங்கட கரவெட்டி ஊரில பாதிச் சனம் வராது. தேங்காய்ப் படம் போட்ட சீல் குத்தினா ஆர் நம்புவினம்?” அவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். தண்ணீர்க் கோப்பை சரிந்தது.

“எட்டாயிரம் சனம், தம்பி. பிச்சை எடுத்தும் ஆளுகினம், பிழை விட்டும் ஆளுகினம், ஆனா தாங்களே ஆளுகினம். நீங்கள் மேடையில தொண்டை கிழியக் கேக்கிறது அதைத்தானே? நாளைக்கு உங்களுக்கும் ஒரு நாடு கிடைச்சு, அங்கத்தை ஆஸ்பத்திரியில கிடந்து முறிஞ்ச பிள்ளை ஒருத்தி உங்கட சீல் குத்தின கடிதத்தோட இஞ்ச வந்து நிண்டா, அவளுக்கும் இல்லத்தரசி எண்டுதான் அடிச்சுக் குடுப்பியளோ?”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற? சொல்லுங்கோ.”

குலசிங்கம் ஈரம் பட்ட படிவத்தைத் தூக்கி உதறினான்.

அன்புராசா மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “அருள், அவன் உமக்கு நல்லதுக்குத்தானே செய்யிறான். உண்மையைச் சொன்னா நூமேலாதான் எங்களை மனிசராய் வைச்சிருந்தது. கையெழுத்தை வையும்.”

“எங்களை வைச்சிருந்தது. அந்தச் சனத்தை எப்பிடி வைச்சிருந்தது எண்டு உங்களுக்குத் தெரியாதே? சேலைன் வைச்சிருந்ததுக்கு நான் அவங்களைக் கும்பிடுவன். அதுக்காக என்ர ஆறு வருசத்தை அழிச்சு அவங்கட ரெண்டு வரிக்குக் கீழ ஒதுங்க மாட்டன்.”

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு அவளே பதிவு அலுவலகத்துக்கு நேரில் போனாள், தன் பழைய படிவத்தோடும் அந்த மூன்று பக்கத்தோடும். அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல் இராது, கெட்டவள் இல்லை. பொறுமையாக எல்லாவற்றையும் வாசித்தாள்.

“அந்தத் தீவில் உங்களுக்கு மேலே யார் இருந்தது?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“எட்டு மாதம் ஒருவருமில்லை. நான்தான்.”

“அப்படியென்றால் உங்கள் வேலை சரியென்று சொல்ல ஆளில்லையே.”

“நூமேலாவில் எனக்கு மேலே ஐந்து பேர் இருந்தார்கள். அங்கே நான் தட்டம் ஏந்தினேன். அது மட்டும் உங்களுக்குச் சேவையா?”

அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்தப் பக்கங்களை மட்டும் எடுத்துவிட்டால் கோவையை இன்றைக்கே மேலே அனுப்புவதாகவும், சித்திரைமாதப் பரீட்சைக்கு இருத்திவிடலாம் என்றும் சொன்னாள். மூன்று பக்கத்தையும் அருள்மலரின் பக்கம் தள்ளிவைத்தாள்.

அருள்மலர் அவற்றை எடுத்து அடுக்கி, முத்திரை தெரியும்படி மேலே வைத்து, திரும்பவும் அவள் பக்கம் தள்ளினாள். “எழுதினது உண்மை. அப்படியே அனுப்புங்கள்” என்றாள்.

மூன்று மாதத்தில் மறுப்பு வந்தது. வேண்டுமென்றால் முதலிலிருந்து இரண்டு வருடம் படிக்கலாமாம். அந்த வருடமே ரெக்ஸ்டேல் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். இரண்டு மகள்மாரும் படித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தேழு வயதில் அவள் எங்கே படிப்பது? உதவியாளாகவே இருந்தாள். பிறகும் புண்களைக் கண்டாள், பிறகும் சொன்னாள். சிலவேளை கேட்டார்கள், பலவேளை கேட்கவில்லை. குலசிங்கம் தொடர்ந்து மண்டபங்களில் பேசினான். அண்ணி முன்வரிசையில் இருந்தால் மட்டும் அவன் பேச்சு பாதியிலேயே கெதியாய் முடிந்தது.

இரண்டு வருடம் கழித்து மூத்த மகள் ஒருநாள் கேட்டாள்: “அம்மா, சைன் பண்ணியிருந்தா இப்ப நீங்க நேர்ஸ். யூ டோன்ற் ரிக்ரெற் இற்?”

அருள்மலர் வேலைச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வருத்தம் இருக்கு பிள்ளை, ஏன் இல்லாமல்? அந்தக் கிழவியின்ர காலை நினைச்சா இருக்கு. ஆனா நான் என்ர வாயால இல்லையெண்டு சொல்லியிருந்தா, அந்த நானூற்றிப் பன்னிரண்டும் ஆரின்ர கையில பிறந்ததுகள்?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள்.